படம் பகிரும் முன் நான்கு கேள்விகள்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலின் கற்சுவர்களில், முதலாம் பராந்தக சோழன் காலத்தைச் சேர்ந்த இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. அவற்றின் காலம் கி.பி. 919, 921. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த முறையை அவை விவரிக்கின்றன.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதி உடையவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். சபையோர் நடுவே, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் செய்வார்கள். அதை வாங்குபவர் ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கையில் ஏற்று, எல்லோரும் கேட்கும்படி படிக்க வேண்டும். இதுவே குடவோலை முறை. நிலமும் வீடும் கல்வியும் உடைய சிலருக்கே அதில் இடம் இருந்தது. இன்றைய தேர்தலைப் போல எல்லோருக்கும் உரிமை தந்த முறை அல்ல.

ஆயினும் நமக்கு வேண்டிய பாடம் ஒன்று அதில் உண்டு. விதிகளை எல்லோரும் காணும்படி சுவரில் வெட்டினார்கள். பெயர் எழுதிய ஓலைகளையோ குடத்துக்குள் இட்டார்கள். எதை யார் காணலாம், எப்போது காணலாம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்தார்கள். ஓலையை உரக்கப் படித்த பிறகு, ‘இதை மறைத்து வைத்திருக்கலாமே’ என்று வருந்திப் பயன் இல்லை அல்லவா?

இன்று நம் வீட்டுக் கைப்பேசி சுவராகவும் இருக்கிறது, குடமாகவும் இருக்கிறது. எதுவாக இருக்க வேண்டும் என்று சொல்வது நம் பொறுப்பு. அதைச் சொல்லும் இடத்துக்குத்தான் ‘அமைப்புகள்’ என்று பெயர்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். காஞ்சிபுரத்தை அடுத்த ராஜகுளத்தில் தை மாதம் தெப்பத் திருவிழா நடக்கிறது. காஞ்சி வரதராசப் பெருமாள் அங்கே எழுந்தருள்கிறார். விளக்கொளியில் மிதக்கும் தெப்பத்தை நீங்கள் படம் பிடிக்கிறீர்கள். கரையில் உங்கள் தங்கையும் அவளுடைய தோழிகள் இருவரும் நிற்கிறார்கள். படம் நன்றாக வந்திருக்கிறது. பகிர விரும்புகிறீர்கள். அப்போது உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் நான்கு:

1. இதை யார் பார்க்கலாம்?
2. படத்தோடு வேறு என்னென்ன போகிறது?
3. இதை யார் எடுத்துப் பயன்படுத்தலாம்?
4. இது எத்தகைய படம்?

இவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வதற்கு முன், படம் பகிர்வது என்றால் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

படம் என்பது எண்களின் கூட்டம்

முன்பெல்லாம் படம் எடுத்தால் கேமராவுக்குள் பிலிம் சுருள் இருக்கும். அதைக் கழுவினால் நெகட்டிவ் கிடைக்கும். நெகட்டிவ் யாரிடம் உள்ளதோ அவரே பிரதி எடுக்க முடியும். பிரதிக்குப் பிரதி எடுத்தால் தெளிவு குறைந்துவிடும்.

கைப்பேசிப் படம் அவ்வாறு அல்ல. அது எண்களால் ஆனது. அகலவாட்டில் 4,000 புள்ளிகளும் உயரவாட்டில் 3,000 புள்ளிகளும் கொண்ட ஒரு படத்தில் மொத்தம் 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் அளவைக் குறிக்க மூன்று எண்கள் தேவை. ஆக 3 கோடியே 60 இலட்சம் எண்கள்! இவற்றை ஜேபெக் முறையில் சுருக்கிச் சில மெகாபைட்டுக்குள் அடக்கிக் கைப்பேசி சேமித்து வைக்கிறது.

எண்களைப் பிரதி எடுத்தால் தெளிவு குறைவதில்லை. நீங்கள் ஒரு தளத்தில் படத்தை ஏற்றியவுடன் அத்தளம் சிறியதும் பெரியதுமாகப் பல அளவுகளில் அதன் பிரதிகளை உண்டாக்கித் தன் கணினிகளில் வைத்துக்கொள்கிறது. பார்ப்பவரின் கைப்பேசியில் ஒரு பிரதி இறங்குகிறது. அவர் அதைச் சேமித்தால் மற்றொரு பிரதி. ஸ்கிரீன் ஷாட் எடுத்தால் இன்னுமொரு பிரதி. பிறகு உங்கள் படத்தை நீங்கள் அழித்தாலும், அழிவது உங்கள் பிரதி மட்டுமே. வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குள் எடுக்கப்பட்ட ஸ்கிரீன் ஷாட் மறையாது.

ஆகவே அமைப்புகளைப் பற்றி நினைவில் கொள்ள வேண்டிய முதல் விதி இது: பகிர்வதற்கு முன்னரே அவை முழுப் பயனைத் தரும். பிறகு மாற்றினால், இனிமேல் பார்க்க வருபவர்களை மட்டுமே தடுக்கும்.

முதல் கேள்வி: யார் பார்க்கலாம்?

படம் பகிர்வதற்கென்றே தோன்றிய தளங்களுள் ஃபிளிக்கர் மூத்த ஒன்று. கனடா நாட்டு வான்கூவர் நகரில் 2004-ஆம் ஆண்டு அது தொடங்கப்பட்டது. அதில் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியே கதவு வைக்கலாம்: ‘நான் மட்டும்’, ‘குடும்பத்தார்’, ‘நண்பர்கள்’, ‘எல்லோரும்’. பின்னர் வந்த தளங்கள் பலவும் ஏறக்குறைய இதே முறையைத் தம் வசதிக்கேற்ப மாற்றி அமைத்துக்கொண்டன. இன்ஸ்டாகிராமில் கணக்கையே பொதுவானதாகவோ தனிப்பட்டதாகவோ வைக்கலாம். வாட்ஸ்ஆப்பில் ஸ்டேட்டஸை எல்லாத் தொடர்புகளுக்கும் காட்டலாம். சிலரைத் தவிர்த்துக் காட்டலாம். குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் காட்டலாம். முகப்புப் படத்துக்கும் இதுபோன்ற அமைப்பு தனியே உண்டு.

‘எல்லோரும்’ என்றால் எத்தனை பேர்? நம் ஊர்த் தெருமுனையில் ஃபிளெக்ஸ் பேனர் வைக்கிறார்களே, அதை அவ்வழியே போகும் எவரும் பார்க்கலாம். ‘எல்லோரும்’ என்ற அமைப்பும் அத்தகையதே. ஆனால் அந்தத் தெரு உலகம் முழுவதும் நீள்கிறது.

‘தொடர்புகள்’ என்றால் பாதுகாப்புதானே என்று கேட்பீர்கள். ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உங்கள் வீட்டுக் கைப்பேசியில் 50 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் ஒவ்வொருவரும் தம் 50 பேருக்கு அனுப்பினால் 50 × 50 = 2,500. அவர்களும் அவ்வாறே செய்தால் 1,25,000. ஒரே ஆளுக்கு இரண்டு முறை போவதைக் கழித்தாலும் இது பெரிய எண்தான். எனவே கதவு வைத்தால் மட்டும் போதாது. கதவுக்கு உள்ளே இருப்பவர்கள் படத்தை வெளியே எடுத்துச் செல்லாதவர்களாக இருக்க வேண்டும். கைப்பேசியில் எண் இருப்பதால் ஒருவர் நம்பத்தக்கவர் ஆகிவிடுவதில்லை. எரிவாயு சிலிண்டர் கொண்டுவருபவரின் எண்ணும், எப்போதோ பேசிய கடைக்காரரின் எண்ணும் அதே பட்டியலில்தானே உள்ளன?

இணைப்பு அனுப்பிப் படத்தொகுப்பைப் பகிர்வதிலும் ஒரு நுட்பம் உண்டு. ‘இணைப்பு உள்ளவர் எவரும்’ என்ற அமைப்பில், அந்த இணைப்புதான் சாவி. யாரிடம் அது போய்ச் சேர்ந்தாலும் கதவு திறக்கும். திருமணப் படங்களை இவ்வாறு பகிர்பவர்கள், உறவினர் அனைவரும் பார்த்து முடித்ததும் அந்த இணைப்பைச் செயலிழக்கச் செய்துவிடுவது நல்லது.

இங்கே மிக முக்கியமான செய்தி ஒன்று உண்டு. நாம் ஒன்றும் செய்யாவிட்டால் தளம் தானாகவே ஒரு நிலையில் இருக்கும். பெரும்பாலோர் அந்நிலையை மாற்றுவதே இல்லை. எனவே தளத்தை அமைத்தவர் வைத்த முடிவே கோடிக்கணக்கானவர்களின் முடிவாக ஆகிவிடுகிறது. இதனை உணர்ந்து, 18 வயதுக்கு உட்பட்டவர்களின் கணக்குகளைத் தொடக்கத்திலேயே தனிப்பட்டவையாக வைக்கும் முறையை இன்ஸ்டாகிராம் 2024-இல் அறிமுகப்படுத்தியது. 2025 பிப்ரவரியில் அது இந்தியாவுக்கும் அறிவிக்கப்பட்டது. 16 வயதுக்கு உட்பட்டவர் இக்கட்டுப்பாட்டைத் தளர்த்த வேண்டுமானால் பெற்றோரின் ஒப்புதல் தேவை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உங்களில் பலர் அம்மாவின் கைப்பேசியில் அம்மாவின் கணக்கையே பயன்படுத்துகிறீர்கள். சிலர் பிறந்த ஆண்டை மாற்றிக் கொடுத்திருக்கக் கூடும். தளத்தின் கண்ணுக்கு அங்கே இருப்பவர் பெரியவர்! ஆகவே சிறுவர்களுக்கான பாதுகாப்பு எதுவும் அந்தக் கணக்குக்குக் கிடைக்காது. அத்தகைய கைப்பேசியில் அமைப்புகளைக் கையால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

இரண்டாம் கேள்வி: படத்தோடு வேறு என்னென்ன போகிறது?

பழைய படங்களின் பின்புறத்தில் நாளையும் ஊரையும் பேனாவால் எழுதி வைக்கும் வழக்கம் இருந்தது. கைப்பேசி இதைத் தானே செய்கிறது. ஆனால் நம் கண்ணுக்குத் தெரியாமல் செய்கிறது. படத்தின் எண்களுக்கு முன்னால் ஒரு சிறு குறிப்புச் சீட்டு சேர்க்கப்படுகிறது. இதற்கு எக்ஸிஃப் என்று பெயர். 1995-இல் ஜப்பானில் வகுக்கப்பட்ட தரம் இது. எந்தக் கருவி, எந்த நாள், எந்த நொடி, எவ்வளவு ஒளி என்பவை அதில் இருக்கும். இருப்பிட வசதியை நாம் அனுமதித்திருந்தால், படம் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும்கூட அதில் எழுதப்படும்.

அந்த எண்கள் எவ்வளவு துல்லியமானவை? புவியியலில் படித்ததை நினைவு கூருங்கள். ஒரு பாகை அட்சரேகை ஏறக்குறைய 111 கிலோமீட்டர். உத்திரமேரூர் ஏறக்குறைய 12.6 பாகை வடக்கில் உள்ளது. தசமப் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் மட்டும் சொன்னால், ஓர் அலகின் மாற்றம் 11 கிலோமீட்டர். எந்த ஊர்ப்பக்கம் என்று மட்டும் தெரியும். இரண்டு இலக்கம் சொன்னால் 1.1 கிலோமீட்டர், ஊர் தெரியும். மூன்று இலக்கத்தில் 110 மீட்டர்; தெரு தெரியும். நான்கு இலக்கத்தில் 11 மீட்டர், வீடே தெரிந்துவிடும். கைப்பேசி இதற்கும் மேற்பட்ட இலக்கங்களை எழுதி வைக்கிறது. திறந்த வெளியில் அதன் பிழை சில மீட்டர்களே.

2012 டிசம்பரில் இது உலகச் செய்தி ஆயிற்று. கணினி நச்சுநிரல் தடுப்பு மென்பொருளால் புகழ்பெற்ற ஜான் மெக்காஃபி அப்போது மத்திய அமெரிக்காவில் தலைமறைவாக இருந்தார். அவரைச் சந்தித்த ஒரு பத்திரிகை, இடத்தைச் சொல்லாமல் படத்தை மட்டும் வெளியிட்டது. ஆனால் படத்துக்குள் இருந்த குறிப்புச் சீட்டை யாரும் நீக்கவில்லை. அவர் குவாத்தமாலாவில் இருப்பதை அதுவே காட்டிக் கொடுத்துவிட்டது. கணினிப் பாதுகாப்பில் கைதேர்ந்தவருக்கே இந்த நிலை என்றால் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

பல தளங்கள் படத்தைக் காட்டும்போது இக்குறிப்பை நீக்கிவிடுகின்றன. சில தளங்கள் நம் அமைப்பைப் பொறுத்து வரைபடத்திலும் காட்டுகின்றன. வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் குறிப்பு நீங்கிவிடும்; தெளிவு குறையக்கூடாது என்று ‘ஆவணம்’ ஆக அனுப்பினாலோ குறிப்பும் கூடவே போகும். தளத்தை நம்பி இருப்பதைவிடக் கேமராவின் அமைப்புக்குச் சென்று இருப்பிடத்தை நிறுத்திவிடுவதே எளிது.

குறிப்புச் சீட்டை நீக்கினாலும் போதாது. படத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருப்பவற்றைப் பாருங்கள். சீருடையில் பள்ளியின் பெயர், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, பேருந்துப் பயண அட்டை, பின்னால் நிற்கும் வண்டியின் எண், மேசை மேல் கிடக்கும் ஆதார் நகல். இவை ஒன்றோடொன்று சேர்ந்தால், முன்பின் அறியாத ஒருவர் உங்கள் பெயர், பள்ளி, வீடு திரும்பும் நேரம் ஆகிய மூன்றையும் தெரிந்துகொள்ளலாம்.

மூன்றாம் கேள்வி: யார் எடுத்துப் பயன்படுத்தலாம்?

பார்க்கும் உரிமை வேறு; எடுத்துப் பயன்படுத்தும் உரிமை வேறு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 படத்தை எடுத்தவரையே அதன் ஆக்கியோன் என்று கொள்கிறது. படத்தில் நிற்பவர் ஆக்கியோன் அல்லர். இங்கேதான் சிக்கல் எழுகிறது.

2002 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் உரிமங்கள் வழக்கில் உள்ளன. ‘என் பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம்’, ‘வணிகம் தவிர மற்றவற்றுக்குப் பயன்படுத்தலாம்’ என்று படம் எடுத்தவர் முன்கூட்டியே அனுமதி தரலாம். நல்ல ஏற்பாடுதான். விக்கிப்பீடியாவில் நீங்கள் காணும் கோயில், பறவை, பூச்சிப் படங்களில் மிகப் பல இவ்வாறு வந்தவையே.

2007-ஆம் ஆண்டு நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கேளுங்கள். அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்துப் பள்ளிச் சிறுமி ஒருத்தியை, அவள் சென்றுவந்த தேவாலய இளைஞர் குழுவின் பொறுப்பாளர் படம் எடுத்தார். ஃபிளிக்கரில் ஏற்றும்போது, ‘பெயர் குறிப்பிட்டு யாரும் எதற்கும் பயன்படுத்தலாம்’ என்ற உரிமத்தைத் தேர்ந்தெடுத்தார். சில வாரங்களில் ஆஸ்திரேலியாவின் பேருந்து நிறுத்தங்களில் அச்சிறுமியின் முகம் விளம்பரமாக நின்றது! ஒரு கைப்பேசி நிறுவனம், அவளைக் கேலி செய்வதுபோன்ற வாசகத்துடன் அப்படத்தைப் பயன்படுத்தியிருந்தது. படம் எடுத்தவர் தம் உரிமையை விட்டுக் கொடுத்தார், சரி. சிறுமியை யார் கேட்டார்கள்? குடும்பத்தார் டெக்ஸாஸில் வழக்குத் தொடுத்தனர். ஆஸ்திரேலிய நிறுவனத்தின்மீது தனக்கு அதிகார வரம்பு இல்லை என்று அங்குள்ள நீதிமன்றம் 2009-இல் வழக்கைத் தள்ளிவிட்டது.

இதிலிருந்து தெரிவது என்ன? உரிமத்துக்கான அமைப்பு, படம் எடுத்தவரின் உரிமையை மட்டுமே வழங்குகிறது. படத்தில் உள்ளவரின் சம்மதத்தை அது தராது, தரவும் முடியாது. அதை வாய்திறந்து கேட்டுத்தான் பெற வேண்டும்.

மற்றொரு செய்தியும் உண்டு. இத்தகைய திறந்த உரிமம் பெற்ற ஏறத்தாழ 10 கோடி ஃபிளிக்கர் படங்களும் காணொளிகளும் 2014-இல் ஆராய்ச்சிக்கென ஒரே தொகுப்பாக வெளியிடப்பட்டன. 2019-இல் ஐபிஎம் நிறுவனம் அதிலிருந்து ஏறக்குறைய 10 இலட்சம் முகப் படங்களைத் தேர்ந்து, முகமறியும் கணினி ஆய்வுக்குப் பயன்படும் தொகுப்பை உண்டாக்கியது. விடுமுறைப் படத்தை ஏற்றியவர்களுக்கு, தங்கள் முகம் கணினிக்குப் பாடப் புத்தகமாகும் என்று அன்று தெரிந்திருக்க முடியாது. இன்று ‘எல்லோரும்’ என்று நாம் குறிக்கும்போது, அந்த எல்லோரில் மனிதர் மட்டும் இல்லை.

இதைக் கேட்டு, எந்தப் படத்தையும் எவருக்கும் காட்டக் கூடாது என்று எண்ணிவிடாதீர்கள். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகளாகத் தமிழகக் கோயில் சிலைகளைப் படம் எடுத்துத் தொகுத்து வைத்தது. விருத்தாசலம் கோயிலின் அர்த்தநாரீசுவரர் கற்சிலை களவு போய் ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் ஒன்றில் தோன்றியபோது, ‘இது எங்கள் சிலை’ என்று மெய்ப்பிக்க அத்தொகுப்பில் இருந்த 1974-ஆம் ஆண்டுப் படம் உதவியது. 2014-இல் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. அப்படம் யாருக்கும் எட்டாமல் பூட்டிக் கிடந்திருந்தால் சிலை திரும்பியிருக்குமா?

ஆகவே தெப்பத்தின் படத்தை உலகுக்குக் காட்டலாம், அதனால் நன்மையே. தங்கையின் முகம் தெளிவாகத் தெரியும் படத்துக்கு அவளுடைய சம்மதமும் வீட்டாரின் சம்மதமும் வேண்டும். தோழிகளுக்கும் அவ்வாறே. ஒரே இரவில், ஒரே கரையில் எடுத்த இரண்டு படங்களுக்கு இரண்டு வகை அமைப்பு.

நான்காம் கேள்வி: இது எத்தகைய படம்?

இதுவரை நம் படத்தைப் பிறர் பார்ப்பதைப் பற்றிச் சொன்னோம். பிறர் படத்தை நாம் பார்ப்பதற்கும் அமைப்பு உண்டு. ஃபிளிக்கரில் படத்தை ஏற்றுபவர் அதை மூன்று தரங்களில் ஒன்றாகக் குறிக்க வேண்டும்: எல்லோருக்கும் ஏற்றது, ஓரளவு கவனம் வேண்டுவது, கட்டுப்படுத்தப்பட்டது. தேடுபவர் பாதுகாப்பான தேடலை இயக்கி வைத்திருந்தால் முதல் தரப் படங்களே வரும். விபத்து, இரத்தம், வன்முறை ஆகியவை நிறைந்த படங்கள் சிறுவர் கண்ணில் படாதிருக்க இது உதவும். பிற தளங்களிலும் இத்தகைய வடிகட்டிகள் உள்ளன. அவற்றை அணைக்காதீர்கள். நீங்கள் படம் ஏற்றும்போது, வரைந்த படத்தையும் கணினி உருவாக்கிய படத்தையும் அவ்வாறே குறிப்பிடுங்கள். உண்மையில் எடுத்த படம்போலக் காட்டாதீர்கள்.

வடிகட்டி எவ்வாறு வேலை செய்கிறது? அதன் ஒரு பகுதி வியப்பூட்டும் எளிய கணக்கு. ஒரு படத்தை 8 × 8 கட்டங்களாகப் பிரியுங்கள்; 64 கட்டங்கள் வரும். ஒவ்வொரு கட்டத்தின் சராசரி வெளிச்சத்தையும், முழுப் படத்தின் சராசரி வெளிச்சத்தையும் கணக்கிடுங்கள். கட்டம் அதைவிட வெளிச்சமாக இருந்தால் 1 என்றும், இருட்டாக இருந்தால் 0 என்றும் எழுதுங்கள். 64 இலக்கங்கள் கொண்ட ஒரு வரிசை கிடைக்கும். இதுவே படத்தின் கைரேகை! படத்தைச் சிறிதாக்கினாலும், நிறத்தைச் சற்று மாற்றினாலும் இவ்வரிசை பெரிதும் மாறாது. ஆனால் இந்த 64 இலக்கங்களைக் கொண்டு படத்தைத் திரும்ப உண்டாக்க முடியாது. கைரேகையைப் பார்த்து ஒருவருடைய முகத்தை வரைய முடியாது அல்லவா? அதுபோலத்தான். தளங்கள் பயன்படுத்தும் முறைகள் இதைவிடச் சிக்கலானவை, அடிப்படை இதுவே.

இதனால் பெரும் பயன் ஒன்று விளைந்துள்ளது. 18 வயதுக்கு முன் எடுக்கப்பட்ட தங்களுடைய அந்தரங்கப் படம் பரவிவிடுமோ என்று அஞ்சுபவர்களுக்காக ‘டேக் இட் டவுன்’ என்னும் இலவசச் சேவையை அமெரிக்காவின் சிறுவர் பாதுகாப்பு மையம் ஒன்று நடத்துகிறது. படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. நம் கைப்பேசியிலேயே கைரேகை எடுக்கப்பட்டு, அந்த எண் வரிசை மட்டும் போகிறது. அதில் இணைந்துள்ள தளங்கள் அவ்வரிசையோடு பொருந்தும் படத்தைக் கண்டுபிடித்து நீக்குகின்றன.

எனினும் இயந்திரமும் விதியும் மட்டும் போதா. 2016-இல் வியட்நாம் போரின் கொடுமையை உலகுக்குக் காட்டிய 1972-ஆம் ஆண்டுப் புகழ்பெற்ற படத்தை முகநூல் நீக்கிவிட்டது. குண்டுவீச்சில் உடை எரிந்து அழுதபடி ஓடிவரும் சிறுமியின் படம் அது. நார்வே நாட்டுப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் வெளிப்படையாக எதிர்த்து எழுதினார். எதிர்ப்பு வலுக்கவே படம் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. எது தீங்கு, எது வரலாறு என்று பிரித்தறிய மனிதரின் சிந்தனை இன்றும் தேவைப்படுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

தனிமறைவு அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவைச் சார்ந்த அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கு அது. 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்று கொள்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அதன் விதிகள் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வரும்படி 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன.

யாராவது உங்கள் படத்தைத் திருத்தியோ, திருடியோ, பரப்பிவிடுவேன் என்று மிரட்டியோ தொல்லை கொடுத்தால் என்ன செய்வது? முதலில், தவறு செய்தவர் அவர், நீங்கள் அல்ல. அமைப்பைச் சரியாக வைக்காதது பூட்டாத வீடு போன்றது. வீட்டைப் பூட்டவில்லை என்பதற்காகத் திருடன் நல்லவன் ஆகிவிடுவதில்லை. மிரட்டுபவருக்குப் பணமோ வேறு படமோ தராதீர்கள். அவர் அனுப்பியவற்றை அழிக்காமல் வையுங்கள், அவை சான்று. அம்மா, அப்பா, அக்கா, ஆசிரியர் என்று நம்பும் ஒருவரிடம் அன்றே சொல்லுங்கள். தளத்தில் ‘புகாரளி’ என்பதை அழுத்துங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இணையக் குற்றங்களுக்கு 1930. உள்துறை அமைச்சகத்தின் தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில், பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களைப் பெயர் சொல்லாமலும் தெரிவிக்கலாம்.

செய்து பாருங்கள்

1. வீட்டுக் கைப்பேசியில் ஒரு படத்தைத் திறந்து அதன் ‘விவரங்கள்’ பகுதியைப் பாருங்கள். நாளும் இடமும் தெரிகின்றனவா? கேமராவின் இருப்பிடத்தை நிறுத்திவிட்டு வேறொரு படம் எடுத்து ஒப்பிடுங்கள்.

2. பெரியவர் ஒருவரோடு அமர்ந்து, முகப்புப் படத்தையும் ஸ்டேட்டஸையும் யார் பார்க்கலாம் என்று உள்ளது எனப் பாருங்கள். பிறகு அறிமுகமில்லாதவர்போல மற்றொருவரின் கைப்பேசியிலிருந்து உங்கள் கணக்கைத் தேடுங்கள். என்ன தெரிகிறதோ அதுவே உங்கள் சுவர்.

3. கட்டத்தாளில் 8 × 8 கட்டங்களில் கோயில் கோபுரம் ஒன்றைக் கறுப்பு வெள்ளையாக வரைந்து, அதன் கைரேகையை 1, 0 என எழுதுங்கள். நண்பர் வரைந்த கோபுரத்தின் வரிசையோடு ஒப்பிட்டு, எத்தனை இலக்கங்கள் வேறுபடுகின்றன என்று எண்ணுங்கள்.

சிந்தித்து விடை காண்க

1. படத்தைப் பகிர்ந்த பிறகு ‘எல்லோரும்’ என்பதை ‘நான் மட்டும்’ என மாற்றினால் எவை பாதுகாக்கப்படும்? எவை பாதுகாக்கப்படா?

2. அட்சரேகையை 12.61 என்று கொடுப்பதற்கும் 12.6163 என்று கொடுப்பதற்கும் தரையில் உள்ள வேறுபாடு என்ன?

3. பள்ளி ஆண்டு விழாவில் நீங்கள் எடுத்த குழுப் படம் யாருடையது? அதைப் பகிர யார் யாரைக் கேட்க வேண்டும்?

4. உங்கள் ஊரில் எல்லோரும் காண வேண்டிய படங்கள் எவை? உங்கள் வீட்டார் மட்டும் காண வேண்டியவை எவை? இரண்டு பட்டியல்கள் எழுதி, வகுப்பில் விவாதியுங்கள்.